நீலக் குழாய்

மார்ச் 4, செவ்வாய்

அம்மாவுக்கு இடுப்பு அறுவை சிகிச்சை முடிந்து மூன்று வாரம். அடுப்பில் வெந்நீர் வைத்து வாளியோடு குளியலறைக்கு நடந்து நடந்து என் முதுகு போய்விட்டது. நேற்று நான் அலுவலகம் போனபின் அவளே வாளியைத் தூக்கப் பார்த்திருக்கிறாள். தம்பியை வரச் சொன்னேன். பிளம்பர் தம்பி இருந்து என்ன பிரயோஜனம்? புது ஹீட்டர் வைத்து, அதிலிருந்து நேராகக் குளியலறைக்குக் குழாய் இழுத்துத் தருகிறானாம்.

மார்ச் 8, சனி

தம்பியோடு பெரிய சண்டை.

வெந்நீருக்குச் சிவப்பு, குளிர்ந்த தண்ணீருக்கு நீலம். சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். இவன் வெந்நீர் வழிக்கு நீலக் குழாயை மாட்டிக்கொண்டிருக்கிறான். வேறு வீட்டு வேலையில் மிஞ்சியதாம்! பெற்ற தாய்க்கு மிச்சம் மீதியா? வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். கல்யாணத்துக்கு அப்புறம் அம்மாவை ஒருநாளாவது வைத்துப் பார்த்தானா என்பதுவரை போய்விட்டேன்.

"கலர் சும்மா அடையாளத்துக்குக்கா. பைப்லயே எழுதியிருக்கு, படிச்சுப் பாரு" என்றான்.

எனக்கே பாடம் நடத்துகிறான்! கழற்றிக்கொண்டு கிளம்பச் சொன்னேன். கழற்றினான். சுருளை வாசலில் வைத்துவிட்டு, அம்மாவிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போனான்.

மார்ச் 9, ஞாயிறு

கடைக்கு நானே போனேன். நல்ல சிவப்பு, ரப்பர் மாதிரி வளைகிறது. அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் ஜாயின்ட்டுகளும் வாங்கினேன். எதற்கு என்று கடைக்காரர் கேட்டார். எல்லாம் எனக்குத் தெரியும், எடுங்கள் என்றேன். தெருமுனை பிளம்பர் நான் சொன்னபடியே மாட்டிவிட்டுப் போனார். இவ்வளவுதான் வேலை!

மார்ச் 13

அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். வெந்நீர்தான் வருகிறதே, இன்னும் என்ன? அவள் மகனை நான் ஒன்றும் சொல்லக்கூடாது. அதுதானே?

மார்ச் 22, சனி

காலையில் அம்மா ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும்போது குழாய் ஜாயின்ட்டிலிருந்து பிதுங்கிக் கழன்றது. வெந்நீர் சுவரில் அடித்துக் கொட்டியது. ஓடிப்போய் வால்வை மூடினேன். அம்மாவின் இடது பாதம் சிவந்துவிட்டது, கொப்புளம் இல்லை. ஒரு சாண் இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தால் — வேண்டாம்.

கடைக்காரரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுகிறேன் என்று குழாயை எடுத்தேன். முனை சூட்டில் கொழகொழத்திருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். பொடி எழுத்தில், அடிக்கு ஒருமுறை: குளிர்ந்த நீருக்கு மட்டும்.

வாசலில் கிடந்த நீலச் சுருளைப் பார்த்தேன். அதில்: வெந்நீருக்கு, தொண்ணூற்றைந்து டிகிரி வரை.

அலுவலகத்தில் ஓர் எழுத்து பிசகினாலும் கோப்பைத் திருப்பி அனுப்புகிறவள் நான். யாரைத் திட்டுவது? என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

தம்பியை நீயே கூப்பிடு என்று அம்மாவைக் கெஞ்சினேன்.

"நான் கூப்பிட்டா வருவான். உன்கிட்ட பேசமாட்டான். நீயே பண்ணு" என்றாள்.

மூன்று முறை போனை எடுத்து வைத்துவிட்டு, நான்காவது முறை பண்ணினேன்.

மார்ச் 23, ஞாயிறு

வந்தான். முதலில் அம்மாவின் பாதத்தைப் பார்த்தான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன், அதற்கும் வழியில்லை. "தப்பு என்னுதுதான்டா" என்றேன். "அந்தப் பையை இப்படி நகர்த்து" என்றான். அந்த நீலக் குழாயையே மாட்டினான். வெந்நீரைத் திறந்துவிட்டு ஒவ்வொரு ஜாயின்ட்டையும் தடவிப் பார்த்தான். அரைமணி நேரம் கழித்து இன்னொரு தடவை பார்த்துவிட்டுத்தான் கிளம்பினான்.

மார்ச் 24

அம்மா இன்று தானே குளித்தாள். அவள் வெளியே வந்தபின் தரையைத் துடைக்கப் போனேன். குழாயின் இரண்டு முனையிலும் சிவப்பு டேப் சுற்றியிருக்கிறான். அதன்மேல் பேனாவால் ஏதோ கிறுக்கல். கண்ணாடியைத் தேடி எடுத்துவந்து படித்தேன்.

'அக்காவுக்காகச் சிவப்பு.'

கொழுப்பு அவனுக்கு.