இரண்டாவது கரண்டி

செவ்வாய்க் கோள், தேனீக் குவிமாடம். பொறுப்பாளர்: முனைவர் விஜிலா.

பஞ்ச காலம், நாள் 4. 06:10

நெடிய ஆலோசனைக்குப் பிறகு, இன்று முதல் தேநீரில் ஒரு கரண்டிக்குப் பதிலாக இரண்டு கரண்டி சர்க்கரை போடுவதென முடிவெடுக்கப்பட்டது. ஆலோசனையில் கலந்துகொண்டவர் நான். எதிர்த்து வாக்களித்தவர் எவருமில்லை.

இதைக் கண்டெடுப்பவருக்காகச் சில விவரங்கள். இங்கே பன்னிரண்டு பெட்டிகளில் மார்த்தாண்டத்துத் தேனீக்கள் இருக்கின்றன. குளிர் மாதங்களில் எங்கள் விளக்குகளுக்கான மின்சாரம், முப்பத்தொரு பேர் வாழும் குடியிருப்பைச் சூடாக்கப் போய்விடும். பூ இருக்காது. அந்தத் தொண்ணூறு நாளும் தேனீக்களுக்குச் சர்க்கரைப் பாகு ஊட்டிக் காப்பாற்றுவது என் வேலை. பிறகு விளக்கெரியும், பூசணி பூக்கும், தேனீ போய் அமர்ந்தால் காய்க்கும். அடுத்த கப்பல் வரும்வரை குடியிருப்பு அதைத்தான் சாப்பிட வேண்டும்.

தேனீக்களுக்கான சர்க்கரை என் தேயிலை டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வேறு இடம் இல்லை.

நாள் 19. 16:40

குடியிருப்பின் சமையல்காரர் தாசையன் வானொலியில் வந்தார்.

"எக்கா, கிறிஸ்துமஸ் வருது. பாயசத்துக்கு ஒரு கிலோ சர்க்கரை தருவியளா?"

"அது தேனீக்க சாப்பாடாக்கும். ஒரு மணி எடுக்கப்படாது."

"செரிதான். நான் தேனீயாட்டு பொறந்திருக்கணும்."

கொள்கை விளக்கம் நீண்டதில் தேநீர் ஆறிவிட்டது. இன்னொன்று போட்டுக்கொண்டேன்.

நாள் 33. 09:15

இருப்பை எடை போட்டேன். இருக்க வேண்டியதைவிடக் குறைவு. சாத்தியமான காரணங்கள்: ஈரம், எலி, தராசுக் கோளாறு. செவ்வாயில் ஈரமும் இல்லை, எலியும் இல்லை. தராசைச் சோதிக்க நானே ஏறி நின்றேன். தராசு நன்றாக இருக்கிறது.

இரண்டாவது கரண்டி மூன்றாவதை அழைத்து வந்தது. அது கேசரியை அழைத்து வந்தது. குளிரில் பெட்டிகளைத் திறக்கக் கூடாது. தனியாக இருப்பவருக்குப் பொழுது போக வேண்டும்.

தீர்வு கிடைத்துவிட்டது. பாகில் தண்ணீரைக் கூட்டலாம். வார அறிக்கையில் எத்தனை லிட்டர் ஊட்டினேன் என்றுதான் கேட்கிறார்கள்.

நாள் 47. 10:30

பெட்டிகளில் கூட்டம் பெருகிவிட்டது. ராணிகள் விடாமல் முட்டையிடுவது பெட்டியின் கண்ணாடி வழியே தெரிகிறது. அறிக்கை அனுப்பினேன். குடியிருப்புத் தலைவரின் பதில்: "பஞ்சத்திலும் பெருக்கம். வாழ்த்துகள். பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு எடுங்கள்."

வானொலியில் எடுத்தேன். பாடத்தை நானே முன்பு எழுதியிருந்தேன். கெட்டிப் பாகு தேனீயிடம் பஞ்சம் என்று சொல்லும். அது சேமித்து வைக்கும். நீர்த்த பாகு பூக்காலம் வந்துவிட்டதாக நம்பவைக்கும். ராணி முட்டையிடும், வாய்கள் பெருகும், சேமிப்பு கரையும். ஆகவே பஞ்சத்தில் நீர்த்த பாகு கூடாது.

இதை நிறுத்தி நிதானமாக வாசித்தேன். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

நாள் 58. 07:50

தாசையன் அழைத்தார்.

"எக்கா, உங்க பாடத்த கேட்டுட்டு பிள்ளைய எல்லாம் அவுங்க பங்குச் சர்க்கரைய தேனீக்குன்னு சேத்து வச்சிருக்கு. அஞ்சு கிலோ இருக்கும். நாளைக்கு வண்டியில வாறேன். அப்படியே உங்க இருப்பையும் தராசுல தூக்கிப் பாத்து எழுதிட்டுப் போறேன்."

நான்கு பெட்டிகளையாவது அது காப்பாற்றும். இருப்பில் இருப்பது ஒரு காலிச் சாக்கும், அதன் அடியில் ஒட்டியதும்.

"இங்க வேண்டிய மட்டும் இருக்கு தாசையா. பிள்ளையளுக்குப் பாயசம் வச்சுக் குடும்."

"மனசுன்னா இதாக்கும்," என்றார்.

நாள் 66. 08:20

பெட்டி வாசல்களில் வெள்ளையாகக் கிடக்கிறது. ஊட்ட வழியில்லாதபோது தேனீக்கள் தங்கள் புழுக்களைத் தாமே வெளியே இழுத்துப் போடும். குடியிருப்பின் கேமரா பார்க்கும் பக்கம் மட்டும் கூட்டினேன்.

தேநீரில் சர்க்கரையை நிறுத்திவிட்டேன். அதனால் எவருக்கும் பயனில்லை.

நாள் 69. 11:05

சொல்லிவிட்டேன். மூன்று முறை அழைத்து, இரண்டு முறை வானிலை விசாரித்து வைத்துவிட்டு, மூன்றாம் முறை.

"தாசையா, சர்க்கரைய நாந்தான் தின்னேன். பாகுல தண்ணிய கூட்டினேன். அந்த அஞ்சு கிலோவ உடனே கொண்டு வாரும்."

"அன்னைக்கே பாயசம் வச்சாச்சே எக்கா. நீங்க சொன்னதுனாலதான் வச்சேன். பிள்ளைய உங்களுக்கு நன்றி சொல்லச் சொல்லிச்சு. நாந்தான் மறந்துபோனேன்."

நாள் 74. 12:00

பெட்டியில் ஒன்றுமில்லை என்றால் மார்த்தாண்டத்துத் தேனீ இருந்து சாகாது. கூட்டத்தோடு கிளம்பிவிடும். ஊரில் அதற்கு ஒரு தோட்டமில்லாவிட்டால் இன்னொரு தோட்டம்.

காலையில் ஒன்பது பெட்டிகள் கிளம்பின. சூரியன் தெரியும் கண்ணாடியில் போய் அப்பின. மதியத்துக்குள் தரைக்கு வந்துவிட்டன. மீதி மூன்று பெட்டிகளில் பறக்கும் அளவுக்குத் தெம்பு இல்லை.

கூட்டவில்லை. கேமரா பார்க்கட்டும்.

பூக்காலம், நாள் 2. 10:40

விளக்குகள் முழுதாக எரிகின்றன. பூசணி பூத்துவிட்டது. பத்து ஏக்கரும் மஞ்சள். பூசணிப் பூ ஒரு காலைதான் விரியும்.

வெளியே வருவதற்கான உடை குடியிருப்பில் நான்குதான். நான்கு பேர் தூரிகையோடு வந்தார்கள். தாசையனும் அதில் ஒருவர். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆண் பூவில் தொட்டுப் பெண் பூவில் தடவ வேண்டும் என்று செய்து காட்டினேன். அதையே பத்தாயிரம் முறை செய்ய வேண்டும்.

பத்து மணிக்குப் பூக்கள் மூடிக்கொண்டன. நாங்கள் மூன்றாவது வரிசையில் இருந்தோம்.

தாசையன் எல்லோருக்கும் தேநீர் போட்டார். எனக்கு எத்தனை கரண்டி என்று கேட்கவில்லை. சர்க்கரை இல்லை.

நாள் 20. 06:10

விரிந்த பெண் பூ: இல்லை. பிடித்த காய்: இருபத்தாறு. மீதிப் பிஞ்சுகள் வெம்பி உதிர்ந்தன.

குடியிருப்பில் இன்று முதல் ஒரு வேளைச் சாப்பாடு.