இரண்டாவது ஷீட்

ஸ்ரீவில்லிபுத்தூர்,
புரட்டாசி, வெள்ளிக்கிழமை

அன்புள்ள ஸாவித்ரிக்கு,

புனேயில் நீயும், நம் பெண் அனுக்ரஹாவும், மாப்பிள்ளையும், குழந்தை த்ருவும் சௌக்கியமாக இருக்கப் பெருமாளை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். போனில் பேசினால் எனக்கு வரிசை தப்பிவிடுகிறது. ஆகவே சொல்ல வேண்டியதை முதலிலேயே எண் போட்டுக்கொள்கிறேன்.

1. வீட்டு நிலவரம்.
2. உன் படத்தைக் கழுவியதும் அது கெட்டுப்போனதும்.
3. நீ கேட்டதற்குப் பதில்: நீ அங்கேயே இருந்துவிடலாம். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

வீட்டில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. ரசம் பிடிபட்டுவிட்டது, சாதம்தான் சில நாள் குழைந்துவிடுகிறது. வேலைக்கு வரும் மாரிக்கனி, "அம்மா எப்ப வாராக? இம்புட்டுப் பூவையும் நான் யாருக்குக் கட்ட?" என்று முல்லைக்கொடியைக் காட்டித் தினமும் கேட்கிறாள். குழந்தைக்கு நடை வரட்டும் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

நீ ரயில் ஏறிய அன்று காலை, கொல்லைக் கிணற்றடியில் உன்னை உட்காரவைத்துப் பெரிய கேமராவில் எடுத்தேனே, அந்தப் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுருள் இல்லாமல், அட்டை மாதிரித் தனித்தனி ஷீட்டாக வரும் ஃபிலிம். ஃபிலிம் மாட்டும் பெட்டியில் முன்னும் பின்னுமாக இரண்டு ஷீட், இரண்டிலும் நீதான். கெடுத்துவிடுவேனோ என்ற பயத்தில் இத்தனை மாதமாகத் தொடவில்லை. போன ஞாயிறு மத்தியானம் துணிந்து, சாமான் அறை ஜன்னலில் கறுப்புத் துணியை மாட்டி, ஒன்றை மட்டும் டெவலப்பரில் இட்டேன்.

அந்த இருட்டில் கடிகாரம் பார்க்க முடியாது. அனுக்ரஹா வாங்கிக் கொடுத்த டைமரைத் தொட்டால் விளக்கும் சேர்ந்து எரிகிறது. துளி வெளிச்சம் பட்டாலும் ஃபிலிம் போச்சு. இத்தனை வருடமும் நீதான் கதவுக்கு வெளியே கீரை ஆய்ந்துகொண்டே பாசுரம் சொல்வாய். பத்துப் பாசுரம் முடிந்தால் நேரம் சரி என்று ஷீட்டை எடுத்துவிடுவேன். தட்டை ஆட்டுவதோடு என் வேலை சரி. இந்த முறை நானே சொன்னேன். பத்தையும் விடாமல் சொன்னேன்.

வெளியே கொண்டுவந்து பார்த்தால் வெளிறிக் கிடக்கிறது. உன் நரையும் மூக்குத்தியும் வந்திருக்கின்றன. கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை, கண்ணாடி மாதிரி வெறும் ஃபிலிம். மருந்து அன்று காலையில் கலக்கியது. சூடும் சரியாக இருந்தது. யோசித்துப் பார்த்ததில் மிச்சம் ஒரே காரணம்தான்: பாசுரத்தை ஓட்டமாகச் சொல்லி, நேரம் ஆகுமுன்பே ஷீட்டை எடுத்திருக்கிறேன். ராஜபாளையம் கல்லூரியில் ஆயுளெல்லாம் கெமிஸ்ட்ரி நடத்தியவன், பயத்தில் நாக்கு வேகமெடுக்கும் என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

மூன்றாவது விஷயம். "ஏன்னா, நான் இங்கேயே இருந்துடட்டுமா? நீங்க என்ன சொல்றேள்?" என்று நீ கேட்டபோது, உன் சௌகரியம் என்றேன். அது பதில் இல்லை என்று நீ போனை வைத்த விதத்தில் தெரிந்துகொண்டேன். த்ருவ் சின்னவன்; அனுக்ரஹா வேலைக்குப் போயாக வேண்டும். அந்த ஊர்க் குளிர் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்பதால் நான் வருவதற்கில்லை. ஆகவே எல்லோருடைய நன்மையையும் உத்தேசித்து

இந்த இடத்தில் தேவதானத்திலிருந்து சிநேகிதன் சுந்தரபாண்டியன் தேங்காயோடு வந்துவிட்டான். போலீஸ் உத்தியோகம் முடிந்தும் துருவித் துருவி விசாரிக்கும் குணம் போகவில்லை. கெட்டுப்போன ஷீட்டை ஜன்னலில் பிடித்துப் பார்த்து, "ஏலே சாரங்கா, கண்ணக் காணோம்லே! தங்கச்சி பாத்தா ஒன்னிய வீட்டுக்குள்ள விடுமா?" என்று சிரித்தான். இன்னொன்றையாவது ஒழுங்காகக் கழுவு என்றான். அதற்கு அவள் வர வேண்டும் என்று என் வாயில் வந்துவிட்டது. "பொறவு அத எழுதாம, மருந்துக் கதையவாலே பக்கம் பக்கமா எழுதிக்கிட்டிருக்க?" என்று கேட்டுவிட்டு, காபி கேட்டான்.

அவன் போன பிறகு எல்லாவற்றையும் திரும்பப் படித்தேன். கிழித்துவிட்டு வேறு எழுத உட்கார்ந்தால் இந்தத் தைரியம் இருக்குமா தெரியவில்லை. அப்படியே அனுப்புகிறேன். இரண்டாவது ஷீட் பெட்டிக்குள் இருட்டில் பத்திரமாக இருக்கிறது. அதை நான் தனியாகக் கழுவப் போவதில்லை.

குழந்தைக்கு என் ஆசீர்வாதம். பெருமாள் உங்கள் எல்லோரையும் நன்றாக வைக்கட்டும்.

மூன்றாவதாக எழுதியது தவறு, ஸாவித்ரி.

உன்,
சாரங்கபாணி