பச்சைக் காருக்குள் என் கை

கோலா தெர்லா வழி,
கேமரன் மலை.
15.9.1985

அன்புள்ள ஜெயா அப்பாவுக்கு,

திலகம் எழுதுகிறேன். நானும் ஜெயாவும் சுகம். சிங்கப்பூர் வெக்கையில் உங்கள் உடம்பு எப்படி இருக்கிறதோ என்ற நினைப்போடுதான் இங்கே பொழுது விடிகிறது.

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. ஜெயாவுக்கு இருமல், அதனால் எழுத முடியவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம்தான். இருமல் நாலே நாளில் நின்றுவிட்டது. நான்தான் இன்னும் எழுந்து எழுந்து அவள் நெஞ்சில் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. "அப்பா வந்தா என்னை அடையாளம் தெரியுமாம்மா?" என்று கேட்கிறாள். "மொதல்ல உனக்கு அவரைத் தெரியுமாடி?" என்றேன். "தெரியும்லா, எண்ணெ வாசம் வரும்" என்றாள்.

மீதி நாட்கள் எல்லாம் பயத்திலேயே போயின. உங்கள் கடிதத்தின் நடுவில் அந்த நாலு வரி. ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்கு சூப்பர்சார்ஜர் பொருத்த முடியுமா என்று முதலாளி கேட்டார், 'அந்த வேலை என் கைக்கு வராது' என்று சொல்லிவிட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். செப்டம்பர் கடைசிக்குள் தெரிந்த ஆளைத் தேடுவாராம். அதைச் செய்கிறவர்தான் இனிப் பட்டறைக்குத் தலைமை மெக்கானிக்காம், குடும்பத்தோடு இருக்க மேல்மாடியும் தருவாராம். யாரோ ஒருவருக்குக் கிடைக்கப்போகும் வேலையைப் போல எழுதிவிட்டு, அடுத்த வரியில் மழைக்கோட்டு கிழிந்துவிட்டது என்று போய்விட்டீர்கள்.

அதைப் படித்ததிலிருந்து எழுபத்தொன்பதாம் வருடம்தான் கண்ணுக்குள் நிற்கிறது. தோட்டத்துத் துரை சீமைக்குப் போகும்போது அந்தப் பச்சை ரெண்டு சீட்டுக் காரை உங்களுக்கே விட்டுவிட்டுப் போனார். ஜெயாவுக்கு அப்போது எட்டு மாதம். மலையடிவாரத்துத் தாப்பாவிலிருந்து மேலே ஏறினால் கார் பாதியில் திணறும். மலைக்காற்று மெலிசு, என்ஜினுக்குப் பத்தவில்லை என்பீர்கள். ஈப்போ பழைய சாமான் கடையிலிருந்து ஒருநாள் சாக்கில் சுற்றி எதையோ கொண்டு வந்தீர்கள். இதுதான் சூப்பர்சார்ஜர், காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும் சாமான் என்றீர்கள். தேயிலை பேக்டரியில் உங்களோடு வேலை செய்த கருப்பையா அண்ணன் அன்றைக்கே வாசலில் வந்து நின்று, "டீச்சரம்மா, கொழுந்து வாட்டுற காத்தாடியக் காருக்குள்ள வைக்கப் போறானாம் ஒங்காளு. நாளைக்குப் பின்னாடி டீத்தூளு கொட்டும், சாக்கு புடிச்சிக்கிட்டு ஓடுங்க" என்றாரே. நீங்கள் கோபப்படவில்லை. "அதுவும் காத்து, இதுவும் காத்து, போடா" என்றீர்கள்.

அதோடு வந்த புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. பயிற்சிக் கல்லூரியில் நான் படித்ததெல்லாம் கார் வேலை நடந்த அந்த ஆறு மாதத்தில்தான் எனக்கே உபயோகமாகத் தெரிந்தது. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்து, தமிழில் நோட்டில் எழுதுவேன். புரியாத இடத்தில் நீங்கள் இரும்பைக் கையில் எடுத்துக் காட்டிப் புரியவைப்பீர்கள். எழுத்து என்னுடையது, அர்த்தம் உங்களுடையது. கல்யாணமாகி இரண்டு வருடத்தில் நாம் அவ்வளவு பேசிக்கொண்டது அப்போதுதான்.

என்ஜினுக்குப் பக்கத்தில் இடமே இல்லை. சாமானைத் தூக்கித் தூக்கி வைத்துப் பார்க்க முடியாது என்று, தேயிலைப் பெட்டிப் பலகையில் அதே அளவுக்குப் பொய்யாக ஒன்று செய்தீர்கள். அதை வைத்துப் பார்த்துப் பார்த்துத்தான் பேட்டரி சீட்டுக்குப் பின்னால் போனது, ரேடியேட்டர் இரண்டு விரல் முன்னால் நகர்ந்தது. விசிறிக்கும், அந்தச் சாமானைச் சுற்றவைக்கும் பெல்ட் சக்கரத்துக்கும் நடுவில் சுண்டுவிரல் இடம். அப்படியும் பானெட் மூடவில்லை. அடியிலிருந்து தட்டித் தட்டி அதற்கு ஒரு புடைப்பு எடுத்தீர்கள். தோட்டத்துக் கணக்கு எழுதும் நல்லுசாமி கிராணி ஆபீசுக்குப் போகிற வழியில் நின்று, "என்னா ஆண்டியப்பா, காரு முழுவாம இருக்கா?" என்று கேட்க, நான் வெட்கத்தில் உள்ளே ஓடிவிட்டேன்.

கடைசியில் ஒரே ஒரு இடம் மிஞ்சியது. பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் சின்னச் சக்கரத்தின் பின்பக்க போல்ட். அதற்கு அடியில் இரண்டு மெல்லிய தகடுகள் போட்டால்தான் சக்கரங்கள் எல்லாம் ஒரே நேர்க்கோட்டில் நிற்கும். குதிரை லாடம் மாதிரி ஒரு பக்கம் திறந்த தகடுகள். பழைய ரம்பத்திலிருந்து நீங்களே வெட்டி எடுத்தவை. உங்கள் கை மணிக்கட்டோடு நின்றுவிட்டது. கருப்பையா அண்ணனுக்கு விரலே நுழையவில்லை. "வளையலக் கழட்டு, தெலகம்" என்றீர்கள். முழங்கை வரைக்கும் கிரீஸ். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நான் ஸ்பானரைத் திருப்ப, நீங்கள் சத்தத்தை வைத்தே "இன்னும் கால் சுத்து" என்றீர்கள். புதன்கிழமை கியா பார்ம் மேடு வரை ஒரே மூச்சில் ஏறிவிட்டுத் திரும்பினீர்கள். காரை நிறுத்திவிட்டு இறங்காமலே சிரித்துக்கொண்டிருந்தீர்கள். அந்தச் சிரிப்பைப் பிறகு நான் பார்க்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை தாப்பாவிலிருந்து கார்களுக்கு மலையேற்றப் போட்டி, நீங்களும் பேர் கொடுத்திருந்தீர்கள். வியாழக்கிழமை என்ன நடந்தது என்பதை எழுதத்தான் ஆறு வருடம் ஆகியிருக்கிறது.

நம் லயத்துக் காளிமுத்து அண்ணன் காய்கறி லோரியோடு பள்ளத்தில் விழுந்து இறந்து அப்போது ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அன்றைக்கு அவர் பெண்சாதி நீலாவதி வீட்டைக் காலி செய்தாள். தோட்டத்து வீடு வேலை செய்கிற ஆளுக்குத்தான், ஆள் இல்லாவிட்டால் இல்லை. கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "பத்திரம் டீச்சர், ஒங்க வீட்டுக்காரரும் ரோட்டுப் பைத்தியமா இருக்காரு" என்று சொல்லிவிட்டுப் போனாள். நீங்கள் பேக்டரியில் இருந்தீர்கள். வளையலைக் கழற்றினேன். போல்ட்டைத் தளர்த்தி இரண்டு தகடுகளையும் உருவிவிட்டு மறுபடி முறுக்கிவிட்டேன். பெல்ட் கழன்றால் கார் நிற்குமே தவிர உருண்டு விடாது என்று அந்தப் புத்தகத்தில் நான்தானே படித்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை பிரிஞ்சாங் திருப்பத்தில் பெல்ட் பறந்தது. சனிக்கிழமை மூன்று முறை. எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்க இரண்டு நாள் வேண்டும். "தகடு ரெண்டும் இருக்கான்னு பாரு, தெலகம்" என்று என்னிடம்தான் கேட்டீர்கள். கையை உள்ளே விட்டேன். "இருக்குங்க" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மற்ற கார்கள் ஏறிப் போகிற சத்தத்தைக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டீர்கள். பிள்ளைக்குத் தகப்பன் இருக்கிறார் என்று நான் நிம்மதியாகத்தான் இருந்தேன். அது பொய்யில்லை.

திங்கட்கிழமை தகடுகளை இருந்த இடத்திலேயே வைத்தேன். நான் செய்த பெரிய தப்பு அதுதான் என்று இப்போது நினைக்கிறேன். செவ்வாய்க்கிழமை நீங்கள் காரைக் கிளப்பிக்கூடப் பார்க்கவில்லை, பிரிக்க ஆரம்பித்துவிட்டீர்கள். எல்லாம் ஒழுங்காக இருந்தது. தகடு இல்லாமல் இருந்திருந்தால் ஒரு காரணமாவது கிடைத்திருக்கும். "எல்லாம் சரியாத்தான் இருக்கு. அப்ப என் கைதான் சரியில்ல" என்றீர்கள். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். பிள்ளை அழுதாள், எழுந்து போய்விட்டேன். காரை வாங்க ஆள் வந்தபோது சொல்லியிருக்கலாம். நீங்கள் சிங்கப்பூருக்குப் பெட்டியோடு பஸ் ஏறியபோதும் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் தாமதமாகிவிட்டது, அதனால் இன்னும் கொஞ்சம் கஷ்டமாகிவிட்டது.

நீங்கள் அளந்தது சரி. வெட்டியது சரி. பெல்ட் அத்தனை தடவையும் கழன்றதற்கு நான்தான் காரணம். முதலாளியிடம் போய், அந்த வேலை என் கைக்கு வரும் என்று சொல்லுங்கள். மாதம் முடிய இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது. மேல்மாடிக்காக இதை எழுதவில்லை. அங்கே எங்களைக் கூப்பிடுவதும் கூப்பிடாததும் உங்கள் இஷ்டம். என்மேல் கோபம் இருந்தால் வேலையை முடித்துவிட்டுக் கோபப்படுங்கள். திட்டியாவது ஒரு கடிதம் போடுங்கள். ஜெயாவுக்கு நான் அதில் வேறு எதையாவது படித்துக் காட்டிக்கொள்கிறேன்.

அந்தக் காரிலும் இடம் குறுகலாகத்தான் இருக்கும். கை போகாத இடத்துக்கு ஒரு சின்னக் கண்ணாடியைக் கம்பியில் கட்டி உள்ளே விட்டு, உங்கள் கண்ணாலேயே பாருங்கள். இருக்கிறது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். நான் பக்கத்தில் நின்று சொன்னாலும்.

உங்கள் கைக்கும் உடம்புக்கும் ஒரு குறையும் வராமல் முருகன் காக்கட்டும்.

பதிலை எதிர்பார்த்து,
திலகம்