நாற்பத்தொன்றாம் கம்பம்

மே 19

கோடை விழாவுக்காக, வெள்ளக்கடைச் சாலையின் விளக்குகளைக் காலையில் கழற்றிக்கொண்டு போனார்கள். ஏரிப் பக்கம் வெளிச்சம் போதவில்லையாம். எங்கள் வாசலில் நாற்பத்தொன்றாம் கம்பம் மொட்டையாக நிற்கிறது. அந்த எண்ணைச் சொல்லி ஆம்புலன்ஸை அழைத்தால், மேலிருக்கும் விளக்கு முழு ஒளியில் சிமிட்டி, மூடுபனியிலும் ஓட்டுநருக்கு வீட்டைக் காட்டும். மாட்டிய அன்று அப்படித்தான் விளக்கினார்கள்.

சரஸ்வதி சிரித்தாள். "வெளக்குக்கூட விழாப் பாக்கப் போயிருச்சுங்க. நாங் கூப்புட்டா மட்டும் உங்களுக்குப் பேப்பர் திருத்தோணும்."

ஞாயிறன்று அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறேன்.

மே 24

சரஸ்வதி இல்லை.

மே 30

இன்றுதான் எழுத முடிகிறது. அன்றிரவு அவளுக்கு மூச்சுத் திணறியது. நான் எண்ணைத் தெளிவாகச் சொன்னேன். திருப்பிச் சொல்லச் சொன்னார்கள், சொன்னேன். பக்கத்து வீட்டுப் பழனியம்மாள் உள்ளே அவள் கையைப் பிடித்திருக்க, நான் டார்ச்சுடன் வாசலில் நின்றேன். வண்டியின் ஒலி கேட்டது — பிறகு ஏரியை நோக்கித் தேய்ந்தது. ஏன் அங்கே போகிறான்? ஏன்?

ஓட்டுநர் தொலைபேசியில் சொன்னது: "வெளக்குக்குக் கீழதாங்க நிக்கறேன். ஊட்டைத்தான் காணோம்."

ஜூன் 4

லைன்மேன் சித்தனைப் பிடித்துக் கேட்டேன். "கம்பத்துல இருக்கறது வெறும் பெயிண்டுங்க சார். நம்பரு வெளக்குக்குள்ள இருக்குது. அதை எங்க மாட்டுறமோ அங்கதான் சிமிட்டும். கழட்டச் சொன்னாங்க, கழட்டுனனுங்க." பிறகு, "சனம் அது சிமிட்டுனதையும் அலங்காரம்னு நெனச்சு போட்டோ புடிச்சுதாமுங்க."

ஜூன் 11

என் புகாருக்கு மின்வாரிய அலுவலகத்தின் பதில்: அழைத்தவர் பதற்றத்தில் தவறான எண்ணைக் கூறினார்.

நான் பதறவில்லை. இன்றும் பதறவில்லை. அதிகாரியின் மேசைமுன் நின்று, விளக்கை இடம் மாற்றியதை அறிக்கையில் எழுதும்படி அமைதியாகக் கேட்டேன். அவர் பேனாவை மூடிவிட்டுச் சொன்னார்: "விழா நல்லபடியா முடிஞ்சுதுங்களே சார்."

என் மனைவியை ஏரிக்கரையில் தேடவைத்த விழா.

ஜூன் 16

விளக்குகள் திரும்பி வந்தன. கைக்கு வந்த விளக்கை எதிர்ப்பட்ட கம்பத்தில் மாட்டத் தொடங்கினார்கள். ஏணியைப் பிடித்துக்கொண்டேன். கட்டுப்பாட்டு அறையை அழைத்து, ஒவ்வொன்றையும் சிமிட்டச் சொல்லி எண்ணைச் சரிபார்க்கும்வரை எவரையும் அடுத்த கம்பத்தில் ஏறவிடவில்லை. வந்தவர்களில் ஒருவன் முணுமுணுத்தான். சித்தன் அவனை அதட்டினார்.

மழை பிடித்துக்கொண்டது. பழனியம்மாள் குடையோடு வந்தாள். "ஏனுங்க சார், இப்பிடி நனையறீங்க? அக்கா இருந்தா நொம்ப வைவாங்க."

வையட்டும் என்றேன்.

ஜூலை 8

நேற்றிரவு பழனியம்மாளின் மருமகளுக்கு வலி கண்டது. நாற்பத்திரண்டாம் கம்பம். பழனியம்மாள் எண்ணைச் சொல்லி முடித்ததும் விளக்கு சிமிட்டத் தொடங்கியது. வண்டி எங்கும் தயங்காமல் வளைவு ஏறி அவர்கள் வாசலில் நின்றது. பெண் குழந்தையாம், இருவரும் நலம்.

திருத்திய அறிக்கை வரவில்லை. விடமாட்டேன்.

வண்டி போன பிறகும் அங்கேயே நின்றிருந்தேன். பனிக்குள் அந்த விளக்கு எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது. பக்கத்தில் நாற்பத்தொன்று, யாரும் அழைக்காததால், மங்கலாகவே எரிந்துகொண்டிருந்தது.