ஆறாவது கத்தி

மாப்ளே,

இன்று காலையில் சாரல் விழத் தொடங்கியது. மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்து, தென்காசி வரைக்கும் காற்று ஈரமாக அடித்தது. ஊர் முழுக்க அருவியில் தண்ணீர் விழுகிறதா என்று விசாரித்துக்கொண்டிருக்க, நான் கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டியை இழுத்துப் போட்டு, தையல் மெஷின் ஆயில் குப்பியைத் திறந்தேன். அவ்வளவுதான். அந்த வாடை மூக்கில் ஏறியதும் நீ எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாய். "சாரல் மனுசனுக்குத்தாம்லே சொகம், இரும்புக்கு ஆவாது" என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு கத்தியாகத் துடைப்பாயே, அந்தக் குரல்கூடக் கேட்டது. நாற்பது பேனாக்கத்தியைத் துடைக்க நாம் ரெண்டு பேரும் பேசிப் பேசி ஒரு பகல் முழுக்க எடுத்துக்கொள்வோம். இன்றைக்கு ஒண்டியாகத் துடைத்தேன். பதினோரு மணிக்கே முடிந்துவிட்டது.

நம்மைப் பார்த்து ஊர் சிரித்தது உனக்குத் தெரியாததா? நான் பாத்திரக்கடைக்காரன். நீ சவுதியில் இருபது வருசம் வயர் இழுத்துவிட்டு வந்தவன். ரெண்டு பேரும் வெள்ளைக்காரன் விட்டுப்போன மடக்குக் கத்திக்கும் சாப்பாட்டு மேசைக் கத்திக்கும் பின்னால் அலைந்தோம். என் வீட்டுக்காரி இருந்த காலத்தில், ஊரில் உள்ளவன் எல்லாம் நகை சேர்க்கிறான், இதுகள் ரெண்டும் துருவைச் சேர்க்குதுகள் என்று வாய் ஓயாமல் சொல்வாள். உனக்கு அதெல்லாம் காதிலேயே விழாது. அலகின் அடியில் பொடியாகக் குத்தியிருக்கும் பட்டறை முத்திரையை லென்ஸ் வைத்துப் பார்ப்பாய். கத்திக்குப் பேர்போன இங்கிலாந்து ஊரான ஷெஃபீல்டு பேரை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டால் உன் முகத்தைப் பார்க்க வேண்டுமே, மகனுக்கு நிக்காஹ் முடிந்த மாதிரி இருக்கும்.

நான் கத்தியை உன் கையில் தர மாட்டேன். கீழே வைப்பேன், நீ எடுத்துக்கொள்வாய். கைக்குக் கை கொடுத்தால் சண்டை வந்துவிடும் என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். முதலில் கேலி செய்தாய். நாளாவட்டத்தில் நீயும் கீழேதான் வைத்தாய்.

அந்தத் தேக்குப் பெட்டி உனக்கு வாய்த்தது குற்றாலத்தில் ஒரு பழைய பங்களாவைக் காலி செய்தபோது. உள்ளே சிவப்பு வெல்வெட் துணி, ஆறு கத்திக்கு இடம், இருந்தது ஐந்து. எலும்புக் கைப்பிடி, ஒவ்வொன்றிலும் ஒரே ஆங்கில எழுத்து செதுக்கியிருந்தது. ஆறாவது இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் எங்காவது கிடக்கும் என்று நீ ஒரே பிடியாக நின்றாய். பங்களாவில் சமைத்தவன் கொண்டு போயிருப்பான், இல்லை தோட்டக்காரன் கொண்டு போயிருப்பான் என்று உனக்கு ஒரு கணக்கு. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு உன் ஸ்கூட்டர் என் வாசலில் நிற்கும். இலஞ்சி, செங்கோட்டை, புளியரை என்று ஒரு பழைய இரும்புக் கடையை விடவில்லை. போகிற இடத்தில் எல்லாம், கைப்பிடியில் எழுத்து உள்ள கத்தி ஏதாவது வந்ததா என்று கேட்பாய். மத்தியானம் எங்காவது புரோட்டா. திரும்பும்போது மடக்குக் கத்தி ஒன்றாவது அகப்பட்டிருக்கும்.

உன் வீட்டம்மா இதற்கு ஒரு முடிவு கேட்டாள். ஆறாவது கிடைத்ததும் இந்தச் சுற்றலை நிறுத்திவிடுகிறேன் என்று நீ வாக்குக் கொடுத்துவிட்டாய். அதை என்னிடம் சொன்னபோது சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன். நீ உயிரோடு இருந்தபோது சொல்லத் துப்பில்லாமல் போனதை இந்தக் காகிதத்தில் சொல்கிறேன்.

மூன்று வருசத்துக்கு முன்னால் இலஞ்சியிலிருந்து ஒரு அம்மா பழைய பித்தளையைக் கொடுத்துவிட்டுப் புதுப் பாத்திரம் வாங்க வந்தாள். மூட்டையை அவிழ்த்தால் செம்புக்கும் குத்துவிளக்குக்கும் நடுவே அது கிடந்தது. எலும்புக் கைப்பிடி, அதே எழுத்து. தோசைக்கல் சுரண்டிச் சுரண்டி அலகு ஒரு பக்கம் தேய்ந்திருந்தது, ஆனால் முத்திரை அழியவில்லை. உனக்குப் போன் போட எடுத்தேன், சத்தியமாக எடுத்தேன். அப்புறம் கீழே வைத்துவிட்டேன்.

வீட்டுக்காரி போய்ச் சேர்ந்து அப்போது ஒரு வருசம்தான் ஆகியிருந்தது. பிள்ளைகள் சென்னையில். கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். வாரத்தில் ஆறு நாளும் நான் பேசுவது வாடிக்கையாளரிடம்தான், ஏழாவது நாள் நீ வருவாய். இந்தக் கத்தியைக் கொடுத்தால் அந்த நாளும் போய்விடும். இன்னும் ஒரே ஒரு ஞாயிறு போகட்டும் என்று நினைத்து, மேசை டிராயரில் பழைய பில் புத்தகங்களுக்கு அடியில் போட்டேன். அடுத்த ஞாயிறும் அப்படியே நினைத்தேன். பேராசை பிடித்த மூதி என்று என்னை நானே திட்டிக்கொள்வேன், திட்டிவிட்டு உன் ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்து தேடப் புறப்படுவேன்.

ஒரு தடவை புளியரையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, "கெடைக்காட்டாலும் போவுது மாப்ளே, சுத்துதது நல்லாத்தான இருக்கு" என்றாய். என்னைத் தேற்றுகிறாய் என்று நினைத்தேன்.

மாசி மாதம் உனக்கு நெஞ்சு வலி வந்தது. திருநெல்வேலிக்குக் கொண்டு போனார்கள், பாவூர்சத்திரம் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது. மையவாடியில் நானும் மூன்று கை மண் அள்ளிப் போட்டேன். வீட்டுக்கு வந்து டிராயரைத் திறந்து அந்தக் கத்தியைப் பார்த்துக்கொண்டு அழுதேன். உன் வீட்டம்மாவிடமாவது சொல்லிவிடலாம் என்றால் அவள் இத்தாவில் இருந்தாள். புருசன் போனால் நாலு மாசம் பத்து நாள் வெளி ஆம்பிளைகளைப் பார்க்கக் கூடாதே. உன் மகனிடம் கொடுத்துவிட்டிருக்கலாம், அதற்கு மனசு வரவில்லை. செய்தவன் நான், என் வாயால்தான் சொல்ல வேண்டும். அந்த நாலு மாசத்தை எப்படிக் கழித்தேன் என்று கேட்காதே.

போன வெள்ளிக்கிழமை, இத்தா முடிந்துவிட்டது, வந்துவிட்டுப் போங்கள் என்று உன் வீட்டம்மா ஆள் மூலம் சொல்லியனுப்பினாள். கத்தியைத் துண்டில் சுற்றிக்கொண்டு போனேன். உன் மகன் பக்கத்தில் இருந்தான். துண்டை அவிழ்த்து அவள் முன்னால் வைத்தேன். இது மூன்று வருசமாக என்னிடம் இருக்கிறது, மறைத்துவிட்டேன் என்று சொன்னேன். அவள் அதை எடுத்துக்கூடப் பார்க்கவில்லை.

"ஒங்ககிட்ட இருக்குன்னு அவுகளுக்குத் தெரியும் அண்ணாச்சி" என்றாள்.

ஒரு நாள் நான் சாப்பிடப் போயிருந்த நேரம் நீ என் கடையில் உட்கார்ந்திருந்தாயாம். பேனா தேடி டிராயரைத் திறந்தாயாம். பார்த்ததை வீட்டில் வந்து சொன்னபோது, நேரே போய்க் கேளுங்கள் என்று அவள் சொல்லியிருக்கிறாள்.

"கேட்டா ஒடனே எடுத்துத் தந்துருவான், பொறவு ஞாயித்துக்கெழம எங்க போகன்னு கேட்டாக. என்னய ஏமாத்துனதுல ஒங்க ரெண்டு பேருக்கும் பங்கு உண்டு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், முந்தானையை எடுத்துக் கண்ணையும் துடைத்துக்கொண்டாள். தேக்குப் பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி, நீங்களே வையுங்கள் என்றாள். வைத்தேன். அந்த இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. பெட்டியை எனக்கே கொடுத்துவிட்டாள், எவ்வளவோ மறுத்தும் கேட்கவில்லை. ஆறும் இப்போது என் வீட்டில் வரிசையாகக் கிடக்கின்றன. எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

என்ன நடிப்பு நடித்திருக்கிறாய்லே! எத்தனை கடையில், எவ்வளவு பொறுப்பாக, முகத்தில் ஒரு மாற்றம் இல்லாமல் கேட்டாய். உன்னை ஏமாற்றுகிறேன் என்று நான் குமைந்துகொண்டு வர, நீ எனக்காக வெயிலில் வண்டி ஓட்டியிருக்கிறாய். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் மாப்ளே. உன் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்க எனக்கு ஒரு வழி இருந்திருக்கும். இப்போது அதுவும் இல்லை, நீ வேண்டும் என்று இருக்கிறது, வேறொன்றும் வேண்டாம்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. எட்டு மணிக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு செங்கோட்டை பஸ்ஸில் ஏறி, நாம் வழக்கமாகப் போகிற பழைய இரும்புக் கடைக்குப் போனேன். கடைக்காரர் நிமிர்ந்து பார்த்து, கூட ஒருத்தர் வருவாரே, எங்கே என்று கேட்டார். கைப்பிடியில் எழுத்து உள்ள கத்தி ஏதாவது வந்ததா என்று கேட்டேன். இல்லை என்றார்.

அடுத்த ஞாயிறு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.