ஏறிக் காட்டட்டோ

இஞ்சாருங்கோ, போன கிழமை உங்கள் கைக்கட்டைகளை அலுமாரியிலிருந்து எடுத்து முற்றத்து வெயிலில் வைத்தேன். அடியில் நீங்கள் ஆணி அடித்து வைத்த சைக்கிள் ரயர்த் துண்டு சூடேறியதும் பழைய ரப்பர் மணம் எழும்பியது. நீங்கள் கண்ணை மூடிய பிறகு எத்தனை இடப்பெயர்வு, எவ்வளவு சாமானை வழியில் விட்டுவிட்டு வந்தேன். இந்த இரண்டு கட்டையை மட்டும் பையில் போட்டுக்கொண்டே திரிந்திருக்கிறேன். இப்போது அவற்றுக்கு வேலை வந்திருக்கிறது. என் வலது முழங்கால் மடங்க மாட்டேன் என்கிறது, காணி அலுவலைப் பார்க்கிற கந்தோரோ மேல்மாடியில் இருக்கிறது.

மேல்மாடி என்றாலே எனக்கு உங்கள் நினைப்புத்தான். முல்லைத்தீவுக் கரையில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி உங்கள் வீடு. சின்ன வயதில் வந்த காய்ச்சல் உங்கள் இரண்டு கால்களையும் கொண்டுபோய்விட்டது. கட்டைகளைக் கைகளில் பிடித்து மணலில் ஊன்றி ஊன்றி, இருந்த நிலையிலேயே நீங்கள் வருகிற வேகத்துக்கு என்னால் நடக்க முடியாது. யாழ்ப்பாணத்தில் விடுதியில் தங்கிப் படித்தீர்கள். வகுப்பில் முதலாவது நீங்கள்தான். ஆனால் பல்கலைக்கழகப் புகுமுகத்துக்குப் படிக்கிற வகுப்பு மாடியில் நடந்தது. ஒரு பிள்ளைக்காக வகுப்பைக் கீழே இறக்க முடியாது, படித்தது காணும் என்று பள்ளிக்கூடப் பெரியவர் சொல்லிவிட்டாராம். றங்குப்பெட்டியோடு திரும்பி வந்தீர்கள்.

திரும்பி வந்த கிழமையே கோயில் மணிக்கூண்டுப் படியில் உங்களைக் கண்டேன். மத்தியான வெயில், ஒருவரும் இல்லை. முதுகைப் படிக்குக் கொடுத்து இருந்துகொண்டு, கட்டைகளை மேற்படியில் ஊன்றி, உடம்பைத் தூக்கி வைக்கிறீர்கள். பிறகு கால்களை இழுத்துக்கொள்கிறீர்கள். சட்டையெல்லாம் வியர்வை. நான் பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்டு, "படி ஏலாது எண்டு ஆர் சொன்னது? காலாலை ஏலாது, அவ்வளவுதான்" என்றீர்கள். உங்களை எனக்குப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான். அதை நான் உங்களிடம் சொன்னதில்லை, சொன்னால் தலைக்கனம் கூடிவிடும் என்று.

வீட்டிலிருந்தே படித்து கிளாக்கர் வேலைக்கான சோதனை எழுதினீர்கள், சித்தியடைந்தீர்கள். நேர்முகப் பரீட்சைக்கு வவுனியாவில் ஒரு அரசாங்கக் கந்தோருக்கு வரச் சொன்னார்கள். விசாரித்தால் அதுவும் மாடி. நீங்கள் கலங்கவில்லை. முதல்நாளே பஸ்ஸில் போய்த் தெரிந்தவர் வீட்டில் தங்கி, விடிய எழும்பி, கந்தோர் ஆட்கள் வருவதற்கு முன் ஏறிப்போய்க் கதிரையில் இருந்துவிடுவது என்று திட்டம். உள்ளே வருகிறவர்கள் பார்க்கும்போது சட்டை கசங்காத ஒரு கிளாக்கர் இருப்பார்.

அதைக் கெடுத்தவர் என்னைப் பெற்ற அப்பு. எங்கள் ஊர்ப் பிள்ளை அரசாங்க உத்தியோகத்துக்குப் போகிறான், அவனைத் தனியே பஸ்ஸில் விடுவதா என்று வள்ளங்கள் வைத்திருந்த சம்மாட்டியின் மீன் லொறியை ஒழுங்குபண்ணினார். அப்புவும் அவருடைய கூட்டாளிகள் மூன்று பேரும் திருநாளுக்குத் திருநாள் சுற்றுப்பிரகாரத்தில் புனிதரின் சுரூபத்தைத் தோளில் சுமக்கிறவர்கள். அந்தத் தோள்களுக்கு ஊரில் தனி மரியாதை. கைபிடி வைத்த கதிரை ஒன்றையும் லொறியில் ஏற்றினார்கள். நீங்கள் மறுத்துப் பார்த்தீர்கள். "சுரூபம் தூக்கிற தோள் இது. ஊரார் பாக்க உன்னைப் படியிலை தவழ விடுவனே?" என்றார் அப்பு. நீங்கள் கட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கதிரையில் இருந்தீர்கள்.

மாங்குளத்தில் லொறி பழுதாகி நின்றுவிட்டது. வவுனியாவுக்கு நீங்கள் போய்ச் சேர்ந்தபோது கந்தோர் திறந்து, நேர்முகம் தொடங்கிவிட்டது. வெள்ளை வேட்டி கட்டிய நான்கு பேர், சுரூபத்துக்கு வைக்கிற அதே அடி வைத்து, மீன் மணத்தோடு உங்களைப் படியால் தூக்கிக்கொண்டுபோய் கேள்வி கேட்க இருந்த பெரியவர்கள் முன்னால் இறக்கினார்கள். இதை அப்பு ஊரில் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவேண்டும். ஒரு சாய்வு இல்லையாம், ஒரு குலுக்கல் இல்லையாம். வேலை கிடைக்கவில்லை என்று தெரிந்ததும், உள்ளே ஆளுக்கு ஆள் சிபாரிசு இருந்திருக்கும் என்று அவரே ஒரு கதையைக் கட்டி, சாகும்வரை அதையே நம்பினார். நீங்கள் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அதன் பிறகு சம்மாட்டியின் மீன் வாடியில் கணக்கு எழுதினீர்கள், கரையில் ஓலைக்கொட்டில், படி கிடையாது. என்னைக் கேட்டு ஆள் அனுப்பியபோது அப்பு, "தூக்கிறது வேறை, பொம்பிளை குடுக்கிறது வேறை" என்று இரண்டு வருடம் இழுத்தடித்தார். நான் வேறு யாரையும் கட்டமாட்டேன் என்று நின்ற பிறகுதான் சம்மதித்தார்.

அப்புவை அடக்கம் செய்து சில நாள் கழித்து, குசினி வாசலில் இருந்து நீங்கள் அந்த நேர்முகத்தில் நடந்ததைச் சொன்னீர்கள். அந்த மூன்று பெரியவர்கள் கணக்கில் ஒரு கேள்வி கேட்கவில்லை, ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்கவில்லை. தினமும் உன்னை யார் தூக்கிவருவது என்று கேட்டார்களாம். ஒருவரும் வேண்டாம், நானே ஏறுவேன் என்றீர்களாம். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள, ஏறிக் காட்டட்டோ என்று கேட்டீர்களாம். தேவையில்லை, போகலாம் என்றார்களாம்.

எனக்கு அப்புவில் கோபம் வந்தது. அவர்களில் வந்தது. இத்தனை வருடம் வாய் திறக்காத உங்களிலும் வந்தது. "உம்மட அப்பு சந்தோசமாத் தூக்கினவர், அதை ஏன் பறிப்பான்" என்றீர்கள். பிறகு, "ஏறிப் போயிருந்தாலும் இல்லை எண்டுதான் சொல்லியிருப்பாங்கள். ஆனால் என்னைப் பாத்துச் சொல்லியிருப்பாங்கள்" என்றீர்கள். உங்கள் குரல் உடைந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

நேற்று நான் வீட்டு வாசற்படியில் உங்கள் கட்டைகளோடு ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் காணிக் கந்தோருக்குப் போனேன். கீழே நின்ற இரண்டு பொடியன்கள் என்னைக் கண்டதும் பிளாஸ்ரிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். நல்ல பிள்ளைகள். "இருங்கோ அம்மா, தூக்கிக்கொண்டு போறம்" என்றார்கள். அப்புவின் முகம் அப்படியே தெரிந்தது, என்னால் கோபிக்க முடியவில்லை.

"தூக்கிறது இருக்கட்டும் தம்பி. எனக்கு என்ன வேணுமெண்டு முதல் கேளுங்கோ."

ஒருவன் கதிரையைக் கீழே வைத்தான். "என்ன வேணும் அம்மா?"

பையிலிருந்து கட்டைகளை எடுத்தேன். "ஏறிக் காட்டட்டோ?"

அவன் கட்டைகளைப் பார்த்தான், படியைப் பார்த்தான். "காட்டுங்கோ" என்றான்.

முதுகைப் படிக்குக் கொடுத்து இருந்து, கட்டைகளை மேற்படியில் ஊன்றினேன்.