பதினேழு வருஷக் காலர்

ஞாயிறு, இரவு

தங்காக் ஊர்த் துணிக்கடை ஒன்றில் தையலுக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, இன்று எங்கள் ஊர் பத்து பகாட்டிலிருந்து பஸ் ஏறிப் போனேன். வீட்டில் சொல்லவில்லை. சட்டைத் தொழிற்சாலையில் பதினேழு வருஷம் என்று கடைக்காரப் பெண்ணிடம் பெருமையாக வேறு சொன்னேன், மடச்சி.

"அப்ப நீங்க சீனியர் லா! இந்தத் துணியில ஒரு பிளவுஸ் வெட்டித் தைச்சுக் காட்டுங்க அக்கா."

கத்தரியை எடுத்தேன். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தொழிற்சாலையில் வெட்டிய துண்டுகள்தான் என்னிடம் வரும். காலரை வைத்துத் தைத்து அடுத்த மெஷினுக்குத் தள்ளிவிடுவேன். கை வைப்பதும் பட்டன் வைப்பதும் வேறு ஆட்கள். ஒரு முழுச் சட்டையை நான் தைத்ததே கிடையாது.

"காலர் நல்லா வெப்பேன்மா," என்றேன்.

"பிளவுஸுக்கு ஏதுக்கா காலர்?"

சிரிக்கவில்லை அவள். துணியை மடித்து வைத்தாள். நான் சங்கடப்படக் கூடாதென்றோ என்னவோ, "தையல்னா ரொம்பப் பிடிக்குமாக்கா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். பஸ்ஸில்தான் உறைத்தது. பிடிக்குமா என்று தெரிய, ஒரு தடவையாவது முழுசாகத் தைத்துப் பார்த்திருக்க வேண்டுமே. நாற்பத்து நான்கு வயதில் இனி யாரிடம் போய்க் கற்பது?

காலை ஆறரைக்குத் தொழிற்சாலை வேன் வந்துவிடும்.